இடைவேளையில் மாறிய கை

2018 ஜனவரி 8 இரவு, அட்லாண்டா. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் தேசிய இறுதி ஆட்டம் இடைவேளைக்கு வந்தபோது ஜார்ஜியா 13, அலபாமா 0. அலபாமாவின் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் அதுவரை எட்டு முறை பந்தை எறிந்திருந்தார். மூன்றுதான் தன் ஆட்கள் கையில் போய்ச் சேர்ந்தன. மொத்தம் 21 யார்டு.

இரண்டாம் பாதி தொடங்கியபோது ஹர்ட்ஸ் களத்தில் இல்லை. ஹவாயிலிருந்து வந்த முதலாண்டு மாணவர் டுவா டங்கோவைலோவா இறங்கினார். இடதுகைக்காரர். கல்லூரியில் அதுவரை ஒரு ஆட்டத்தைக்கூடத் தொடங்காதவர். அணி பெரிய வித்தியாசத்தில் முன்னிலையில் இருக்கும்போது மிச்ச நேரத்தை ஓட்டுவதற்காக மட்டும் அனுப்பப்பட்டவர். உட்கார வைக்கப்பட்ட ஹர்ட்ஸோ, இரண்டு பருவங்களில் தான் தொடங்கிய ஆட்டங்களில் இரண்டே இரண்டில் தோற்றவர்.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். கூடுதல் நேரத்தில் அலபாமா 26-23 என்று ஜெயித்தது.

ஓடத் தெரிந்தவரை எடுத்துவிட்டு எறியத் தெரிந்தவரைப் போட்டார்கள், ஜெயித்தார்கள். இந்தக் கதையை இப்படித்தான் வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. அன்றிரவு மாறியது ஆள் மட்டும்தான் என்றால், அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஹர்ட்ஸ் செய்தவற்றுக்கு விளக்கமே கிடைக்காது. குவார்ட்டர்பேக்கின் 'பாணி' என்று நாம் பேசுவதில் அவருடைய கையும் காலும் ஒரு பங்கு. அணி அவரிடம் என்ன கேட்கிறது என்பது இன்னொரு பங்கு, பல நேரம் பெரிய பங்கு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க இதைவிட வசதியான நிகழ்வு அகப்படுவது கடினம். அணியும் எதிரணியும் மாறவில்லை, ஒரே இரவு, ஆட்டம் சரிபாதியாக வெட்டப்பட்டிருக்கிறது.

ஒன்பது பேர் கணக்கு

இந்த ஆட்டத்தைப் பார்த்துப் பழகாதவர்களுக்கு ஒரு கணக்கு தெரிந்தால் போதும். இரு பக்கமும் 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு; ஒவ்வொன்றையும் டவுன் என்பார்கள். அதற்குள் 10 யார்டு முன்னேறிவிட்டால் மறுபடி முதல் டவுன், மறுபடி நான்கு வாய்ப்பு. ஒவ்வொரு முறையும் பந்து குவார்ட்டர்பேக் கைக்கு வருகிறது. அவர் அதை அருகிலிருக்கும் ஓட்டக்காரரிடம் கொடுக்கலாம், முன்னே ஓடும் ரிசீவருக்கு எறியலாம், தானே தூக்கிக்கொண்டும் ஓடலாம்.

பழைய பாணியில் பந்தைக் கொடுத்ததோடு குவார்ட்டர்பேக்கின் வேலை முடிந்தது. நின்று வேடிக்கை பார்ப்பார். பந்தோடு ஓடுகிறவரும் யாரையும் மறிக்க முடியாது. ஆக எதிரணியின் 11 பேரை மறிக்க இந்தப் பக்கம் ஒன்பது பேர்தான் மிச்சம். தாக்கும் உத்திகளில் பாதிக்குமேல் இந்த இரண்டு ஆள் குறையை எப்படி அடைப்பது என்கிற கேள்விக்கான பதில்களே.

ஒரு பதில், குவார்ட்டர்பேக்கின் கால். தற்காப்பின் ஓரத்தில் நிற்கும் ஒருவரை வேண்டுமென்றே மறிக்காமல் விட்டுவிடுவார்கள். குவார்ட்டர்பேக் பந்தை ஓட்டக்காரர் வயிற்றருகே நீட்டியபடி அந்த ஓர ஆளையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் ஓட்டக்காரர் மேல் பாய்ந்தால் பந்தைத் தானே இழுத்துக்கொண்டு, அவர் விட்டுப்போன இடத்தில் ஓடுவார். அவர் பாயாமல் நின்றால் பந்தைக் கொடுத்துவிடுவார். யாரும் தொடாமலேயே எதிரணியில் ஒருவர் குறைந்தார். இதற்கு ஸோன் ரீட் என்று பெயர். 1990-களின் தொடக்கத்தில் மேற்கு வர்ஜீனியாவில் கிளென்வில் ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியில் ரிச் ராட்ரிகஸ் இதை வளர்த்தெடுத்தார். அங்கிருந்து நாடு முழுக்கப் பரவியது.

இன்னொரு பதில் கண்ணையும் கையையும் நம்பியது. ரன்-பாஸ் ஆப்ஷன், சுருக்கமாக ஆர்.பி.ஓ. இதில் குவார்ட்டர்பேக் பார்ப்பது ஓர ஆளை அல்ல, நடுவில் நிற்கும் லைன்பேக்கரை. ஓட்டத்தை மறிக்க அவர் முன்னே வந்தால் அவர் முதுகுக்குப் பின்னால் காலியான இடத்தில் பந்து ரிசீவருக்குப் போகும். அவர் பின்னாலேயே நின்றால் ஓட்டம். கல்லூரி விதி இதற்குத் தாராளமாக இடம் கொடுக்கிறது. எறிதலின்போது மறிக்கும் லைன்மேன்கள், பந்து வைக்கப்பட்ட கோட்டைத் தாண்டி மூன்று யார்டு வரை போகலாம். தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் ஒரு யார்டுதான். அந்த இரண்டு யார்டு வித்தியாசத்தில்தான் லைன்பேக்கர் ஏமாறுகிறார். லைன்மேன்கள் முட்டிக்கொண்டு முன்னேறுவதைப் பார்த்தால் யாருக்கும் ஓட்டம் என்றுதான் தோன்றும்.

முதல் பதிலுக்குக் கால் வேண்டும், பயமில்லாத தோள் வேண்டும். இரண்டாவதற்கு அரை நொடிக்குள் தீர்மானித்து, ஆள் வந்து சேருமுன்னே அந்த இடத்துக்குப் பந்தை அனுப்பும் துணிவு வேண்டும். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் அட்லாண்டா இரவு புரியும்.

சேபன் வந்த வழி

நிக் சேபன் 2007-இல் அலபாமாவின் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். அடிப்படையில் தற்காப்புப் பயிற்சியாளர். கிரெக் மெக்எல்ராய், ஏ.ஜே. மெக்கேரன் என்று அவருக்கு வாய்த்த குவார்ட்டர்பேக்குகள் வண்டியைக் கவிழ்க்காமல் ஓட்டிக்கொண்டு போகிறவர்கள். முரட்டு லைன்மேன்கள், முரட்டு ஓட்டக்காரர், எதிரணிக்கு மூச்சுவிட இடம் தராத தற்காப்பு. 2009, 2011, 2012 பருவங்களில் இந்தக் கலவை தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தது.

இடையில் சில அடிகள் விழுந்தன. 2012-இல் டெக்ஸஸ் ஏ அண்ட் எம் அணியின் ஜானி மேன்செல், கழுவுற மீனில் நழுவுற மீன் மாதிரி, அலபாமாவின் சொந்த ஊரான டஸ்கலூசாவுக்கே வந்து 29-24 என்று ஜெயித்துவிட்டுப் போனார். 2013-இல் ஆபர்னிடம் 34-28 தோல்வி. கம்பங்களுக்கு இடையே உதைக்கும் ஃபீல்டு கோல் தவறிப்போக, அந்தப் பந்தைப் பிடித்து எதிர்க்கோடிவரை ஓடிய கடைசி நொடிக்காகத்தான் அந்த ஆட்டத்தை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய டச் டவுன்தான் முக்கியம் (பந்தோடு எதிர்க்கோடியை அடைவதே டச் டவுன்). ஆபர்னின் நிக் மார்ஷல் ஓடுவதுபோல் கோட்டை நோக்கி வந்தார்; அலபாமா தற்காப்பு அவரை நோக்கி ஏறியது; அவர்கள் விட்டுவந்த ரிசீவருக்கு அலட்டாமல் பந்தைத் தூக்கிப் போட்டார். ஆட்டம் சமன். தற்காப்பில் இத்தனை கற்ற மனிதரை ஒரு தடுமாற்றக் கணத்தில் வீழ்த்திய ஆட்டம் அது. 2014 ஜனவரியில் ஓக்லஹோமா 45-31 என்று அடித்தது.

இந்த வேக ஆட்டத்தைப் பார்த்து, ஃபுட்பால் இப்படித்தான் ஆக வேண்டுமா என்று 2012-இல் பொதுவில் கேட்டவர் சேபன். 2014 தொடக்கத்தில் அவரே லேன் கிஃபினை அழைத்துத் தாக்குதல் பொறுப்பைக் கொடுத்தார். குறை சொன்னவர் பாடம் கேட்க உட்கார்ந்தார். அலபாமாவுக்கு இது புதிதும் இல்லை. 1971-இல் அன்றைய அலபாமா பயிற்சியாளர் பேர் பிரையண்ட், டெக்ஸஸின் பயிற்சியாளர் டாரல் ராயலிடம் கேட்டுக் கற்று, எறிதலை ஓரங்கட்டி விஷ்போன் என்ற ஓட்ட முறைக்கு ஒரே கோடையில் மாறினார். அப்போது எறிதலிலிருந்து ஓட்டத்துக்கு, இப்போது எதிர்த்திசையில்.

கிஃபின் காலத்தில் வந்து சேர்ந்தவர் ஹர்ட்ஸ். ஹூஸ்டனை ஒட்டிய சேனல்வியூ ஊர். பள்ளி அணியின் பயிற்சியாளரே அப்பா. 2016-இல், கல்லூரிக்குள் நுழைந்த ஆண்டிலேயே, முதல் குவார்ட்டர்பேக். எறிதலில் 2,780 யார்டு, ஓட்டத்தில் 954 யார்டு, ஓடியே 13 டச் டவுன். தென்கிழக்குக் கல்லூரிகளின் கூட்டணியான எஸ்.இ.சி. மாநாட்டின் சிறந்த தாக்குதல் வீரர் விருது. இறுதி ஆட்டத்தில் கிளெம்சனிடம் 35-31 என்று தோற்றது ஆட்டம் முடிய ஒரு நொடி இருக்கும்போது. அதற்கு இரண்டு நிமிடம் முன்புதான் ஹர்ட்ஸ் தானே 30 யார்டு ஓடி அலபாமாவை முன்னிலைக்குக் கொண்டுவந்திருந்தார். பதினெட்டு வயதுக்காரரிடம் அதற்குமேல் எதை எதிர்பார்க்க?

ஒரே ஒரு இன்டர்செப்ஷன்

2017 பருவத்தில் ஹர்ட்ஸ் 255 முறை எறிந்தார். எதிரணி பிடித்தது ஒன்றே ஒன்று.

இந்த எண்ணைப் பார்த்ததும் பாராட்டத் தோன்றும். எனக்கு இதுதான் நோயின் அடையாளமாகப் படுகிறது. அநேகமாக ஒரு பந்தையும் இழக்காமல் ஒரு பருவத்தைக் கடக்க இரண்டு வழிகள் உண்டு. அசாத்தியத் துல்லியம் ஒன்று. ஆபத்தான எறிதலே செய்யாதிருப்பது மற்றொன்று. ஹர்ட்ஸ் செய்தது இரண்டாவது. ரிசீவர் கண்ணுக்கு முன்னே தெளிவாகத் தனித்து நின்றால் எறிவார். இல்லையென்றால் பந்தைச் சுருட்டிக்கொண்டு ஓடுவார். கால் நன்றாக இருந்ததால் அந்த ஓட்டமும் ஐந்து, ஆறு யார்டு கொடுத்தது. அதனால் யாருக்கும் குறை தெரியவில்லை. அணியும் அவரை அப்படித்தான் பழக்கியது. தற்காப்பு அடக்கிப் பிடிக்கும், நீ கெடுக்காமல் இருந்தால் போதும் என்பது எழுதப்படாத ஒப்பந்தம்.

கிரிக்கெட்டில் இதைப் போன்றவரை எல்லாரும் பார்த்திருக்கிறோம். விக்கெட்டைக் கொடுக்காமல் ஓவருக்கு நான்கு ரன் எடுக்கும் தொடக்க ஆட்டக்காரர். இலக்கு 180 என்றால் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடலாம். இலக்கு 330 ஆகும் நாளில் அதே ஆள், அதே ஆட்டம், ஆனால் சுமை.

இந்த ஒப்பந்தத்தின் விலை ரிசீவர்கள் கணக்கில் தெரிந்தது. கால்வின் ரிட்லி அந்தப் பருவத்தில் 63 பந்துகளைப் பிடித்தார். அணியில் அடுத்தவர் இருபதைக்கூடத் தொடவில்லை. ஹென்றி ரக்ஸ், ஜெரி ஜூடி, டெவான்டா ஸ்மித் என்று முதலாண்டு ரிசீவர்கள் மூவர் அதே அணியில் இருந்தார்கள். மூவருமே பின்னாளில், என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வின் முதல் சுற்றில் போனவர்கள். வீட்டில் நெல் குவிந்திருக்க, ஒரு படி அளந்து சமைத்துக்கொண்டிருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

எச்சரிக்கை முன்பே வந்தது. 2017 நவம்பர் 25-இல் ஆபர்ன் 26-14 என்று ஜெயித்தது. மாநாட்டு இறுதிக்கே போகாமல், நான்காவது அணியாகத் தேசிய அரையிறுதிக்குள் நுழைந்தது அலபாமா. அங்கே கிளெம்சனை 24-6 என்று வென்றது; ஹர்ட்ஸ் எறிந்ததோ மொத்தம் 120 யார்டு. தற்காப்பு ஜெயித்துக் கொடுத்த ஆட்டம்.

ஜார்ஜியாவின் பயிற்சியாளர் கிர்பி ஸ்மார்ட். 2015 வரை சேபனுக்குக் கீழே அலபாமாவின் தற்காப்பை நடத்தியவர். வீட்டுச் சாவியின் நகல் அவர் கையில் இருந்தது என்றே வைத்துக்கொள்ளலாம். அவர் அணி முதல் பாதியில் செய்ததில் சிக்கல் ஏதுமில்லை. ஹர்ட்ஸ் தப்பி ஓடும் ஓரங்களைக் காத்தார்கள். ரோக்வான் ஸ்மித் போன்ற வேகமான லைன்பேக்கர்கள் கோட்டருகே நின்று ஓட்டத்தை விழுங்கினார்கள். மிச்சம் இருந்தது, நின்ற இடத்திலிருந்து நெருக்கமான இடைவெளிகளில் எறிவது. ஹர்ட்ஸிடம் அதுவரை யாரும் கேட்காத காரியம் அது. மூன்று, 21 யார்டு.

இரண்டாம் பாதி

இந்த ஆட்டத்தில் பிழைக்க எறிதல் வேண்டும், அதை டுவா இன்னும் நன்றாகச் செய்வார் என்பதே ஆட்டத்துக்குப் பிறகு சேபன் சொன்ன காரணத்தின் சாரம். அவசர முடிவு போலத் தெரிந்தாலும், பருவம் முழுக்கப் பயிற்சியில் பார்த்த ஒன்றைத்தான் அவர் நம்பினார்.

டுவாவின் முதல் முயற்சி ஒன்றுமில்லாமல் முடிந்தது. அடுத்ததில் மூன்றாவது டவுன் ஒன்றில் அவரை நாலாபுறமும் சூழ்ந்துவிட்டார்கள். சுழன்று, நழுவி, தானே ஓடி முதல் டவுனை வாங்கினார். 'எறிகிறவர்' செய்த முதல் உருப்படியான காரியம் ஓட்டம்! சில டவுன்களுக்குப் பின் ரக்ஸுக்கு ஆறு யார்டு டச் டவுன். 13-7.

உடனே ஜார்ஜியாவின் குவார்ட்டர்பேக் ஜேக் ஃபிராம் 80 யார்டு டச் டவுன் எறிந்தார். 20-7. அடுத்து டுவா ஒரு பந்தை நேராக எதிரணி கையில் கொடுத்தார். ஹர்ட்ஸ் ஒரு பருவம் முழுக்கச் செய்த அத்தனை இன்டர்செப்ஷனையும் இவர் ஒரு பாதி ஆட்டத்துக்குள் செய்துவிட்டார். அடுத்த டவுனிலேயே ஃபிராமின் பந்து தட்டுப்பட்டு அலபாமாவின் ரேக்வான் டேவிஸ் கையில் விழாமல் போயிருந்தால், இந்தக் கட்டுரையின் தலைப்பு வேறாக இருந்திருக்கும். உத்தி பற்றி எழுதுகிறவர்கள் அதிர்ஷ்டத்துக்கு ஒரு வரியாவது ஒதுக்குவது நியாயம்.

ஆனால் அந்தத் தவறு அவரை ஒடுக்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. தொடர்ந்து எறிந்தார். முடிவில் 24 எறிதலில் 14, 166 யார்டு, மூன்று டச் டவுன், ஒரு இன்டர்செப்ஷன். அவரோடு சேர்ந்து முதலாண்டுப் பட்டாளமே களத்துக்கு வந்தது. லைன்மேன்களில் இடது ஓரத்தைக் காக்கும் (இடது டேக்கிள்) ஜோனா வில்லியம்ஸ் காயம்பட, முதலாண்டு மாணவர் அலெக்ஸ் லெதர்வுட் இறங்கினார். ஓட்டத்தில் முதலாண்டு நஜி ஹாரிஸ் கடைசிக் கால்பகுதியில் ஆறு முறை ஓடி 64 யார்டு எடுத்தார்.

அந்த 64 யார்டில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஓடத் தெரிந்த குவார்ட்டர்பேக்கை எடுத்த பிறகுதான் ஓட்டக்காரருக்கு வழி திறந்தது. முதல் பாதியில் ஜார்ஜியா தன் ஆட்களைக் கோட்டருகே குவித்து வைக்க முடிந்தது. பின்னால் காவல் காக்க வேண்டிய நிலம் குறைவு. டுவா களத்தின் முழு அகலத்துக்கும் எறிவார் என்று தெரிந்ததும், அதே ஆட்கள் அந்த நிலத்தையெல்லாம் காக்க வேண்டியதாயிற்று. முன்னே ஆள் குறைந்தது. குவார்ட்டர்பேக்கின் பாணியை நான் அளப்பது அவர் என்ன செய்கிறார் என்பதை வைத்தல்ல. அவருக்காக எதிரணி எவ்வளவு நிலத்தைக் காக்க வேண்டியிருக்கிறது என்பதை வைத்து.

20-10, 20-13. ஆட்டம் முடிய 3 நிமிடம் 49 நொடி இருக்கையில், நான்காவது டவுன், நான்கு யார்டு தேவை. ரிட்லிக்கு ஏழு யார்டு டச் டவுன். 20-20. கடைசி நொடியில் 36 யார்டு ஃபீல்டு கோலை அலபாமாவின் ஆண்டி பப்பனாஸ்டோஸ் தவறவிட்டார். கூடுதல் நேரம்.

இரண்டாவது டவுன், 26 யார்டு

கல்லூரிக் கூடுதல் நேரத்தில் இரு அணிக்கும் எதிரணியின் 25 யார்டு கோட்டிலிருந்து ஒரு தாக்குதல் சுற்று. ஜார்ஜியா ராட்ரிகோ பிளாங்கன்ஷிப்பின் 51 யார்டு உதையில் 23-20. அலபாமாவின் முதல் டவுனில் டுவா பந்தை எறிந்து தொலைக்காமல் பின்னாலேயே ஓடி, 16 யார்டு இழந்து விழுந்தார். அனுபவசாலி செய்யாத தவறு. ஹர்ட்ஸ் செய்திருந்தால் அரங்கமே எழுந்து நின்று திட்டியிருக்கும். இப்போது பந்து 41-ஆவது யார்டில், முதல் டவுனுக்கு 26 யார்டு. பப்பனாஸ்டோஸ் சற்று முன்புதான் 36 யார்டைத் தவறவிட்டவர்.

அடுத்த டவுனில் அலபாமாவின் நான்கு பேர் நேராக ஆழத்துக்கு ஓடினார்கள். ஜார்ஜியா ஆழத்தை, கடைசி அரணாகப் பின்னால் நிற்கும் இரண்டு சேஃப்டிகளிடம் பாதி பாதியாகப் பிரித்துக் கொடுத்திருந்தது. இடது ஓரத்தில் ஓடிய டெவான்டா ஸ்மித்தை முன்னே நின்ற ஓரக் காவலர் (கார்னர்) தன்னைத் தாண்ட விட்டார். பின்னால் சேஃப்டி இருக்கிறார் என்ற கணக்கு அது. கணக்கில் பிழையில்லை. சேஃப்டிதான் அங்கே இல்லை. டுவா பந்தை வாங்கியதும் வலப்பக்கமாகப் பார்த்தார், போதுமான நேரம் பார்த்தார். சேஃப்டி அந்தப் பார்வையோடு நடுவில் ஒட்டிக்கொண்டார். பிறகு இடப்பக்கம் திரும்பி ஒரே எறி. 41 யார்டு, டச் டவுன், பட்டம்.

பலரும் அந்த எறிதலின் அழகைப் பேசுவார்கள். எறிதலுக்கு முன்னே அந்தப் பார்வை இருந்தது. சேஃப்டியை இரண்டு தப்படி தள்ளி நிறுத்தியது பார்வைதான். சற்று முன்னால் 16 யார்டைத் தொலைத்த அதே ஆள்.

சாட்சி மாறுகிறது

இதோடு நிறுத்தினால் வழக்கமான விளக்கமே நிற்கும். 2018 பருவத்தில் டுவா முதல் குவார்ட்டர்பேக் ஆனதும் அது இன்னும் வலுத்தது. 3,966 யார்டு, 43 டச் டவுன், ஆறு இன்டர்செப்ஷன். அலபாமாவின் சராசரி ஆட்டத்துக்கு 37-லிருந்து 45 புள்ளிக்குமேல் ஏறியது. ஆர்.பி.ஓ. இப்போது அணியின் அன்றாடச் சோறு. ஓக்லஹோமாவின் கைலர் மரே மட்டும் இல்லையென்றால் ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதும் அவருக்கே.

ஹர்ட்ஸ் போகவில்லை. அந்த ஆண்டுதான் விதி மாறி, நான்கு ஆட்டம்வரை ஆடினாலும் கல்லூரியில் ஆட அனுமதிக்கப்படும் பருவங்களின் கணக்கில் அந்தப் பருவம் கழியாது என்றாயிற்று. கிளெம்சனில் ட்ரெவர் லாரன்ஸுக்காக உட்கார வைக்கப்பட்ட கெல்லி பிரையண்ட் அந்த விதியைப் பிடித்துக்கொண்டு நான்கே ஆட்டத்தில் வெளியேறினார். ஹர்ட்ஸ் ஐந்தாவது ஆட்டத்திலும் இறங்கினார். ஆகஸ்டில், தன் மனநிலை என்ன என்று யாரும் தன்னிடம் கேட்கவில்லை என்று செய்தியாளர்களிடம் சொன்னவர்தான். கோபம் இருந்தது, வேலையும் நடந்தது. குவார்ட்டர்பேக் பயிற்சியாளர் டான் ஈனோஸிடம் எறிதலைக் கற்றுக்கொண்டிருந்தார்.

2018 டிசம்பர் 1. அதே அட்லாண்டா, அதே அரங்கம், அதே ஜார்ஜியா, மாநாட்டு இறுதி. கடைசிக் கால்பகுதியில் அலபாமா 21-28 என்று பின்தங்கியிருக்க, டுவா கணுக்கால் காயத்தோடு வெளியேறினார். ஹர்ட்ஸ் இறங்கினார். ஒன்பது எறிதலில் ஏழு, 82 யார்டு, ஜூடிக்கு ஒரு டச் டவுன். ஆட்டம் முடிய 1 நிமிடம் 4 நொடி இருக்கையில் தானே 15 யார்டு ஓடி இன்னொன்று. 35-28. ஒரு பருவம் முன்பு அடைத்த அதே கதவின் வழியாக உள்ளே வந்தார். இம்முறை முதலில் எறிந்துவிட்டுத்தான் ஓடினார். ஜார்ஜியாவின் பெஞ்சில் அன்று மாற்றுக் குவார்ட்டர்பேக் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் இருந்தார். இடைவேளை மாற்றத்தால் பட்டத்தையே இழந்த ஸ்மார்ட், தன் அணியில் ஃபிராமை மாற்றத் துணியவில்லை. ஃபீல்ட்ஸை ஒரு போலிப் பன்ட்டுக்கு (பந்தை எதிரணிக்கு உதைத்துவிடுவதுபோல் காட்டி ஓடும் தந்திரம்) அனுப்பினார், அது பலிக்கவில்லை. அடுத்த ஆண்டு ஒஹாயோ ஸ்டேட்டில் ஃபீல்ட்ஸ் 41 டச் டவுன் எறிந்தார், மூன்றே இன்டர்செப்ஷன். கண்ணெதிரே பாடம் நடந்தவருக்கே அதைத் தன் வீட்டில் செய்துபார்ப்பது எளிதாக இல்லை.

டுவாவின் பாணிக்கும் விலை இருந்தது. 2019 ஜனவரியில் கிளெம்சன் தற்காப்பு தன் நிலையை மாற்றி மாற்றிக் காட்டி அவர் கண்ணையே ஏமாற்றியது. ஆட்டத் தொடக்கத்திலேயே ஒரு இன்டர்செப்ஷன் டச் டவுனாகத் திரும்பியது. 44-16. பந்தைக் கடைசிக் கணம்வரை வைத்திருந்து பெரிய எறிதலைத் தேடுகிறவர் மேல் கடைசிக் கணத்தில் ஆட்கள் விழுந்துகொண்டே இருப்பார்கள். இரண்டு கணுக்காலும் அறுவை சிகிச்சைக்குப் போயின. பிறகு இடுப்பு.

ஹர்ட்ஸ் அலபாமாவில் பட்டம் பெற்று, 2019-இல் ஓக்லஹோமாவில் லிங்கன் ரைலியிடம் போனார். அங்கே கால் தேவைப்பட்டது, ஆழமான எறிதலும் தேவைப்பட்டது. ஓட்டம் போலத் தோன்றி ஆழத்துக்குப் பந்து போகும் முறை ரைலியுடையது. ஓட முடிந்த குவார்ட்டர்பேக் அதில் இரட்டை மிரட்டல். எறிந்து 3,851 யார்டு, 32 டச் டவுன், எட்டு இன்டர்செப்ஷன். ஓடி 1,298 யார்டு, 20 டச் டவுன். ஹைஸ்மனில் இரண்டாம் இடம்.

இங்கே ஒரு வகுத்தல் போட்டுப் பார்க்கலாம். ஒரு எறிதலுக்கு எத்தனை யார்டு? அலபாமாவில் 2017-இல் ஹர்ட்ஸுக்கு 8.2. ஓக்லஹோமாவில் 11.3. டுவாவின் அந்தப் பெரிய 2018 பருவத்தில் 11.2.

ஆட்சேபங்கள் எனக்கும் தெரியும். ஓக்லஹோமா அப்போது ஆடிய பிக் 12 மாநாட்டின் தற்காப்புகள் எஸ்.இ.சி. அளவுக்கு முரடு இல்லை. இரண்டு ஆண்டில் ஹர்ட்ஸ் உண்மையிலேயே வளர்ந்தார், எல்லாவற்றையும் உத்தியின் கணக்கில் எழுத முடியாது. தேசிய அரையிறுதியில், அதுவும் அதே அட்லாண்டா அரங்கில், ஜோ பர்ரோவின் எல்.எஸ்.யூ. 63-28 என்று ஓக்லஹோமாவை நொறுக்கியது. ஆனாலும் 2017-இல் 'எறியத் தெரியாதவர்' என்று முத்திரை குத்தப்பட்டவருக்கு இந்த எண் எங்கிருந்து வந்தது? ஒரு இன்டர்செப்ஷன் எட்டாக ஏறியதைப் பாருங்கள், விடை அங்கே இருக்கிறது. தவறு செய்ய அனுமதி கிடைத்தது.

அலபாமா இடைவேளையில் அவரை எடுத்தது சரியா என்று கேட்டால், சரி. அந்த 30 நிமிடத்துக்குள் ஒருவரின் பழக்கத்தை மாற்ற முடியாது, ஆளைத்தான் மாற்ற முடியும். தவறு அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் இருந்தது. ஜெயித்துக்கொண்டிருந்ததால் யாரும் அதைத் தவறு என்று பார்க்கவில்லை.

2019 நவம்பர் 16 பிற்பகல், மிசிசிப்பி ஸ்டேட்டுக்கு எதிரே டுவாவின் இடுப்பு விலகியது. கல்லூரி ஆட்டம் அவருக்கு அன்றோடு முடிந்தது. அதே நாள் இரவு டெக்ஸஸில் பெய்லருக்கு எதிராக 28-3 என்று பின்தங்கிய ஓக்லஹோமாவை ஹர்ட்ஸ் 34-31 என்று மீட்டுக் கொண்டுவந்தார். அடுத்த ஏப்ரலில் என்.எஃப்.எல். அணிகள் டுவாவை ஐந்தாவதாகவும் ஹர்ட்ஸை 53-ஆவதாகவும் எடுத்தன.

2025 பிப்ரவரி 9, நியூ ஆர்லியன்ஸ், என்.எஃப்.எல். இறுதி ஆட்டமான சூப்பர் பவுல். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 40-22 என்று கன்சாஸ் சிட்டியை வென்றது. ஹர்ட்ஸ் 22 எறிதலில் 17, ஓட்டத்தில் 72 யார்டு, ஆட்டத்தின் சிறந்த வீரர். மூன்றாம் கால்பகுதியில் அவர் ஆழத்துக்கு எறிந்த ஒரு பந்து 46 யார்டு டச் டவுன் ஆனது. பிடித்தவர் டெவான்டா ஸ்மித்.